குடை பிடித்த கால்

ஒரே பியானோவில் இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பது ஒரே போர்வைக்குள் இரண்டு பேர் படுப்பது மாதிரி. யார் இழுக்கிறார்கள், யாருக்குக் குளிர்கிறது என்பது வெளியே நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அந்த வீட்டு அக்காவும் தங்கையும் சின்ன வயசிலிருந்தே ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வாசித்தவர்கள். வலப்பக்கம் சின்னவள். அவளுக்கு மேல்பாகம், பாட்டு, ஓட்டம், மினுக்கல், கேட்கிறவர்களின் ஆகா ஓகோ எல்லாம் அந்தப் பக்கம்தான். இடப்பக்கம் பெரியவள். அவளுக்குக் கீழ்பாகம், தாளம், கனமான சுரங்கள், பக்கம் திருப்புகிற வேலை, அதோடு சுரங்களை நீட்டி ஒலிக்கவைக்கிற பெடல். எத்தனை கை வாசித்தாலும் பெடலை மிதிக்க ஒரு கால்தான் உண்டு. அது கீழ்பாகம் வாசிக்கிறவரின் கால் என்பது இந்த வித்தையில் எழுதாத சட்டம்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒரு ஹோட்டலின் முன்கூடத்தைப் புதுப்பித்தபோது, வேண்டாம் என்று ஓரங்கட்டிய பியானோவை, "தூக்கிட்டுப் போக முடிஞ்சா போ" என்று மேனேஜர் விளையாட்டுக்குச் சொன்னார். சொன்ன வாய் மூடுவதற்குள் அது இவர்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அப்பா பார்த்தார். பல்லெல்லாம் சரியாகத்தான் இருந்தது, கால்தான் நொண்டி. பெடலை விட்டால் டங்கென்று அடித்தது. லிஃப்ட் கதவுக்குப் போடுகிற ரப்பரை வெட்டி அடியில் ஒட்டினார், சத்தம் அடங்கிவிட்டது. உட்கார நாற்காலி இல்லாத கூடத்தில் பியானோ மட்டும் ஜமீன்தார் மாதிரி இருந்ததைப் பார்த்து அம்மா ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை.

சின்னவளுக்கு அப்பா வைத்த பெயர் மேல்வீடு. பெரியவள் கீழ்வீடு. "மேல போற லிஃப்ட் பெட்டியை ஊரே பார்க்கும். அந்தப் பக்கம் எடைக்கல்லு இறங்குறதை எவன் பார்க்கிறான்? அது இல்லேன்னா பெட்டி எங்கே மேல போறது?" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பெரியவளைப் புகழ்வதாக அவருக்கு நினைப்பு. கேட்டுக் கேட்டுப் பெரியவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. ஒரு நாளாவது பெட்டியாக இருக்கக் கூடாதா என்று அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அப்பா திகைத்துப்போயிருப்பார், பாவம்.

பெரியவள் வேலை பார்த்தது ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த நடனப் பள்ளியில். குழந்தைகள் தவளை மாதிரி குதிக்க, முயல் மாதிரி குதிக்க, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். அதற்கும் இப்போது வேட்டு வந்துவிட்டது. முதலாளியம்மா ஒரு ஸ்பீக்கர் வாங்கிவிட்டாள். "அது லீவு கேக்காது பாரு" என்று சிரித்தபடி சொன்னாள். மாதக் கடைசியோடு வேலை முடிந்தது.

மிச்சமிருந்தது இசைக் கல்லூரி. பல வாத்தியங்களோடு சேர்ந்து வாசிக்கப் பயிற்சி தருகிற வகுப்பு அங்கே உண்டு. படித்து முடித்தால் பாட்டுக்காரர்கள், வயலின்காரர்கள் எல்லோருக்கும் துணை வாசிக்கிற நிரந்தர வேலை. சேர்வதற்கான தேர்வை ஜோடியாகத்தான் கொடுக்க வேண்டும். மேல்நிலை மாணவர்களுக்கான நான்கு கைப் பாடல் புத்தகத்திலிருந்து ஒன்றை இரண்டு பேரும் வாசிக்க வேண்டும். பிடித்திருந்தால் இருவரையும் எடுப்பார்கள், அல்லது ஒருவரை, அல்லது யாரையும் இல்லை. வயசுக்கு ஒரு வரம்பு உண்டு. பெரியவளுக்கு இதுதான் கடைசி வருடம். சின்னவளுக்கு அந்த வரம்பு எங்கோ தூரத்தில் இருந்தது.

அவர்கள் எடுத்துக்கொண்டது வேகமான ஒரு நடனப் பாட்டு. மூன்றாம் பக்கத்தில் மேல்பாகம் உச்சியிலிருந்து தடதடவென்று படியிறங்கி வரும். சின்னவளின் வலது மோதிர விரல் அங்கேதான் காலை வாரியது. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டு சாமான்களைத் தள்ளித் தள்ளி அந்தக் கை மரத்துப்போகும் என்று சொல்வாள். ஓட்டத்தில் அந்த விரலின் சுரங்கள் அமுங்கின. சில சமயம் விழாமலே போயின.

அதற்குப் பெரியவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த இடத்தில் பெடலை எடுத்துவிட வேண்டும் என்று புத்தகத்தில் நட்சத்திரக் குறி போட்டிருக்கும். அவள் எடுக்க மாட்டாள். பாதிக்கு மிதித்து, பாதத்தை மெல்ல நடுங்கவிட்டு, ஒரு சுரம் இன்னொன்றின்மேல் லேசாகக் கசியும்படி பார்த்துக்கொள்வாள். முழுக்க மிதித்தால் கூழாகிவிடும். முழுக்க விட்டால் விழாத சுரங்கள் பல் விழுந்த வாய் மாதிரி காட்டிக்கொடுத்துவிடும். இரண்டுக்கும் நடுவே கால் நிற்க வேண்டும். அதைச் செய்ய எத்தனை பழக வேண்டும் என்று பெடல் மிதித்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

"குடை பிடிச்சுக்கறேன், நீ நனையாம ஓடி வந்துடு" என்பாள் பெரியவள்.

"குடையை மட்டும் மடக்கிடாதே தாயே, தொப்பலா நனைஞ்சுடுவேன்" என்பாள் சின்னவள். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

தேர்வன்று காத்திருக்கும் அறையில் வரிசையாக ஜோடிகள் உட்கார்ந்திருந்தன. எல்லோரும் மடியில் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அலுவலக குமாஸ்தா கதவைத் திறந்து, பெயர் கூப்பிடுவதற்கு முன்னால், தண்ணீர் வராது என்று அறிவிக்கிற குரலில் சொன்னார்: "இந்த வருஷம் ஒரு இடம்தான். முன்னாடியே சொல்லிடறேன். அப்புறம் என்கிட்ட வந்து சண்டை போடக் கூடாது."

அதுவரை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜோடிகள், யாரும் எழுந்திருக்காமலே, கொஞ்சம் விலகிவிட்டன.

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்தாள். சின்னவளின் கை சில்லென்றிருந்தது. "யாருக்குக் கிடைச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே அக்கா?" என்றாள்.

"ஆமா, பின்னே" என்றாள் பெரியவள். சொல்லும்போது மனசாரத்தான் சொன்னாள். ஆனால் நம்ம வீட்டுக்கு என்றால் அது யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். நல்லது எதுவானாலும் மேல்வீட்டுக்குப் போய்ச் சேர்வதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பழக்கம்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "ஆரம்பிங்க" என்றாள். அக்காவும் தங்கையும் வழக்கம்போல ஒன்றாக மூச்சு இழுத்து, அந்த மூச்சிலேயே கைகளை இறக்கினார்கள். முதல் பக்கம் அருமையாகப் போயிற்று. இரண்டாம் பக்கமும் அப்படியே. தங்கையின் முழங்கை அக்காவின் முழங்கையில் பட்டுப் பட்டு விலகியது. நடுவில் இருந்தவளின் தலை ஆடுவதைப் பெரியவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்தத் தலை ஆடியது மேல்பாகத்துக்குத்தான். அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

மூன்றாம் பக்கத்தை அவளே திருப்பினாள். சின்னவள் உச்சிக்குப் போனாள். படியிறங்கத் தொடங்கினாள்.

பெரியவள் காலை எடுத்தாள்.

யோசித்துச் செய்தாள் என்றால் அது பொய். யோசிக்காமல் செய்தாள் என்றால் அது அதைவிடப் பெரிய பொய். காத்திருக்கும் அறையிலிருந்து பெஞ்சு வரை நடந்தபோதே அவள் பாதம் கனத்திருந்தது. அடுத்த வருஷமும் இவளுக்கு வயசு இருக்கிறது, எனக்கு இல்லை என்று ஒரு குரல் கூடவே வந்தது. புத்தகத்தில் அப்படித்தானே போட்டிருக்கிறது என்று இன்னொன்றும் வந்தது. பெடல் மேலே வந்தது, உள்ளே ஒலியை அடக்குகிற பஞ்சுக்கட்டைகள் கம்பிகள்மேல் உட்கார்ந்தன, அறை வறண்டுபோயிற்று. அந்த வறட்சியில் சின்னவளின் ஓட்டம் ஒவ்வொரு சுரமாகத் தனித்தனியே கேட்டது. ஒன்று அமுங்கியது. ஒன்று விழவில்லை. அது விழாததில் பதறிய அடுத்த விரல் பக்கத்துக் கட்டையில் போய் விழுந்தது. தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டதை அக்கா தன் தோளில் உணர்ந்தாள். பிறகு எப்படியோ சேர்ந்துகொண்டு பாட்டை முடித்தார்கள்.

கண்ணாடி அம்மாள் ஏதோ எழுதினாள். நிமிர்ந்து பெரியவளைப் பார்த்தாள். பெரியவளின் வாழ்நாளில் கீழ்பாகத்தை ஒருவர் நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மூணாம் பக்கத்துல பெடலை விட்டீங்களே, அது நேர்மையான முடிவு. வர்றவங்க எல்லாம் அந்த இடத்துல மிதிச்சு மறைச்சுடுவாங்க. சேர்ந்து வாசிக்கிறவங்களுக்கு இந்தக் காது வேணும்."

பெரியவள் தலை குனிந்து நன்றி சொன்னாள். சின்னவள் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் பெரியவள் பதில்களை வரிசையாகத் தயார் செய்துகொண்டே வந்தாள். கால் வழுக்கிடுச்சு. புது பெடல், வீட்டுது மாதிரி இல்லை. பதட்டத்துல புத்தகத்தைப் பார்த்துட்டேன். சின்னவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். இறங்குகிற இடம் வந்ததும், "அக்கா, பையை எடுத்துக்கோ" என்றாள். அவ்வளவுதான். தயார் செய்த பதில்கள் எல்லாம் கேட்பாரில்லாமல் கிடந்தன.

முடிவு வந்தது. ஒரு இடம், அது பெரியவளுக்கு. அம்மா தான் வேலை பார்க்கிற பேக்கரியிலிருந்து மாவுக் கையோடு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அப்பாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. "கீழ்வீட்டுக்கா?" என்றார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "அதானே, எடைக்கல்லோட அருமை விவரம் தெரிஞ்சவனுக்குத்தான் தெரியும்" என்றார். அப்புறம் சின்னவளைப் பார்த்தார். "உனக்கு என்னம்மா ஆச்சு?"

"விரல் சொதப்பிடுச்சுப்பா. அக்கா மட்டும் தாங்கிப் பிடிக்கலேன்னா அங்கேயே மானம் போயிருக்கும்" என்றாள் சின்னவள்.

இதைச் சொல்லும்போது அவள் அக்காவைப் பார்க்கவில்லை. பெடலை எடுத்தது அவளுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. சேர்ந்து வாசிக்கிறவர்களுக்கு அது கன்னத்தில் விழுந்த அறை மாதிரி, எந்தக் கையிலிருந்து வந்தது என்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அவள் கத்தியிருக்கலாம். தலைமயிரைப் பிடித்து இழுத்திருக்கலாம், சின்ன வயசில் பென்சிலுக்காக இழுத்தது போல. ஒன்றும் செய்யவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், வந்தாள். பியானோ பக்கம் மட்டும் போகவில்லை.

அவளுக்கு அடுத்த வருஷம் இருக்கிறது என்று பெரியவள் தினமும் தனக்குள் சொல்லிக்கொண்டாள். நானே கூட உட்கார்ந்து பழக்கிவிடுவேன், இந்தத் தடவை குடையை மடக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டாள். அந்த ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தொங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணாடி டம்ளர் கை நழுவி உடைந்தது. அதை எடுக்கப்போய் இன்னொன்றும் உடைந்தது.

"கையில என்னடி, வெண்ணெய் தடவியிருக்கா?" என்று கத்தினாள் அம்மா.

"கையில ஒண்ணும் இல்லம்மா. அதான் விஷயமே" என்றாள் சின்னவள். குரலில் கோபம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "மோதிர விரல்லயும் சுண்டு விரல்லயும் உணர்ச்சியே இல்லை. முழங்கையில நரம்பு நசுங்கியிருக்காம். ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. தேர்வு முடியட்டும்னு நான்தான் தள்ளி வச்சேன்."

கண்ணாடியைக் கூட்ட எடுத்த துடைப்பத்தை அம்மா கீழே போட்டாள். "பண்ணினா சரியாயிடும்ல?"

"டம்ளர் பிடிக்கலாம்னு சொன்னாரு."

"வாசிக்கிறது?"

"இந்தத் தேர்வு வரைக்கும்தான் விரல் தாங்கும்னு எனக்கே தெரியும்மா. அதுக்கப்புறம் இல்லை." அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, "அழாதேம்மா. அதான் வீட்டுக்கு ஒரு இடம் கிடைச்சுடுச்சே" என்றாள்.

கதவோரம் துணி மடித்துக்கொண்டிருந்த பெரியவளுக்கு எல்லாம் கேட்டது. இவளுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இருந்ததே இல்லை. கடைசி வாய்ப்பு தனக்கு என்று நினைத்துத் தங்கையின் கடைசி வாய்ப்பை அவள் பிடுங்கியிருந்தாள்.

மறுநாள் காலை முதல் ஆளாக அவள் கல்லூரி அலுவலகத்தில் நின்றாள். இடம் வேண்டாம், தங்கைக்குக் கொடுத்துவிடுங்கள் என்றாள். குமாஸ்தா அவளை மேலும் கீழும் பார்த்தார். "இது என்ன பஸ் சீட்டாம்மா, துண்டு போட்டு மாத்திக் குடுக்கறதுக்கு? நீ விட்டா அடுத்த ஆள் வருவாங்க. அது உன் தங்கச்சி இல்லை. அவங்க பேரு கடைசிக்குப் பக்கத்துல இருக்கு." பிறகு, அவள் முகம் என்னவோ போலானதைப் பார்த்து, "வந்த லட்சுமியை உதைக்காதே. வீட்டுக்குப் போ" என்றார்.

அவள் நேராகச் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாள். பின்வாசலில் காலி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே சின்னவள் உட்கார்ந்து இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். நகர்ந்தது வலப்பக்கம்.

"அன்னைக்கு பெடலை..." என்று ஆரம்பித்தாள் பெரியவள். "வேணும்னுதான் எடுத்தேன்டி."

சின்னவள் மென்று விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். "புத்தகத்துல அப்படித்தானே அக்கா போட்டிருக்கு" என்றாள்.

"திட்டுடி. நாலு அறை வேணா அறைஞ்சுடு."

"எந்தக் கையால?" என்றாள் சின்னவள். சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

பெரியவள் கல்லூரி விடுதிக்குக் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. பெட்டி கட்டியாகிவிட்டது. வாடகைக் கார் வரக் காத்திருந்தார்கள். அப்பாவுக்குத்தான் ஆசை விடவில்லை. சின்னவளுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். அதற்கப்புறம் இந்த வீட்டில் நான்கு கை கேட்காது என்று அவருக்கும் தெரியும். "போறதுக்கு முன்னாடி ஒரு தடவை. அந்தப் பாட்டுதான். எப்படி வந்தாலும் பரவாயில்லை" என்றார்.

சின்னவள்தான் முதலில் எழுந்தாள். போய் பெஞ்சில் உட்கார்ந்தாள், இடப்பக்கத்தில். செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தைப் பெடலின்மேல் வைத்தாள்.

"நான் கீழ்பாகம் பார்த்துக்கறேன். அதுக்கு இந்தக் கையில மூணு விரல் போதும். நீ மேல வா" என்றாள்.

"மேல நான் வாசிச்சதே இல்லையே..."

"இத்தனை வருஷம் பக்கத்துல உட்கார்ந்து கேட்டிருக்கே இல்ல? வா."

பெரியவள் வலப்பக்கம் உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கட்டைகளே வேறு மாதிரி இருந்தன. தங்கை மூச்சு இழுத்தாள், இவளும் இழுத்தாள், கைகள் இறங்கின. கீழ்பாகம் திடமாக இருந்தது. மூன்று விரலும் ஒரு இடது கையும் கொண்டு அவள் அதை அப்படித் தாங்கினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேல்பாகம்தான் தடுக்கித் தடுக்கி வந்தது.

மூன்றாம் பக்கத்தைத் தங்கை திருப்பினாள். பெரியவள் உச்சிக்குப் போனாள். இப்போது காலை எடுப்பாள், இதோ எடுக்கப்போகிறாள் என்று அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. எடுக்கட்டும், எடுத்துவிட்டால் நல்லது என்றும் இருந்தது. அந்தப் பயத்திலேயே ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே கை நின்றுபோயிற்று.

சின்னவள் கீழே அந்தச் சுரங்களை விடாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் பாதம் பெடலைப் பாதிக்கு மிதித்தபடி மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. அக்கா செய்வதை இத்தனை வருடமும் பார்த்துப் பார்த்து அவள் கற்று வைத்திருந்தாள்.

"பயப்படாம இறங்கி வா அக்கா. நான் எடுக்க மாட்டேன்" என்றாள், தாளைப் பார்த்தபடியே.

பெரியவள் இறங்கினாள். பாதி சுரங்கள் விழவில்லை. விழாதவை எல்லாவற்றின்மேலும் தங்கையின் கால் குடை பிடித்தது. அப்பாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை, அழகாக இருக்கிறது என்று தலையாட்டினார். சின்னவள் ஒரே ஒரு தடவை அந்தக் காலை எடுத்திருந்தால், கணக்கு தீர்ந்தது என்று பெரியவள் பிழைத்துப்போயிருப்பாள். பாட்டு முடிகிற வரை அவள் எடுக்கவே இல்லை.